ஊரில் கறுப்பே இல்லாத நாள்

போலீஸ் எடுத்த படத்தில் இருந்த கறுப்புக் கொடிக்கு மூன்று மூலைதான் இருந்தது.

லோகநாதன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பக்கவாட்டில் சாய்த்தும் பார்த்தான். நான்காவது மூலை எங்கேயும் கிடைக்கவில்லை.

"இன்னாக்கா இது? கொடியா, சமோசாவா?"

ஜெரூஷா மேசை விளக்கைப் படத்துக்கு மேல் இழுத்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில்தான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழே மிஷின் ஓடினால் மேலே தண்ணீர் டம்ளர் நடுங்கும். எதிரே, நனைந்த துப்பட்டாவைப் பிழியக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள் ஜாஸ்மின். மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவன் ஆஸ்டின் சிறையில் இருந்தான், வலது கையில் மாவுக்கட்டோடு.

ஆஸ்டின் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: அனகாபுத்தூர் ஆற்றோரத்து வீடுகளை இடிக்கக் கூடாது என்று நோட்டீஸ் அடித்தான், வீடு வீடாகப் போய்ப் பேசினான். கார்த்திகை பிறந்த வாரம் படப்பை ரோட்டில் கனகவல்லி மஹாலில் ஒரு விழாவுக்கு மந்திரி வந்தார். அங்கே ஆஸ்டின் கறுப்புக் கொடியோடு பாய்ந்தான், தடுத்த போலீஸ்காரரைக் கம்பால் அடித்தான், தப்பி ஓடும்போது சாக்கடையில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். இது போலீஸ் கதை. அந்தக் கதைக்குப் பரிசாக, ஜாமீன் இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் உத்தரவு.

"அவர் அங்க போகவே இல்ல மேடம்," என்றாள் ஜாஸ்மின். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. 'மந்திரி வந்துட்டுப் போற வரைக்கும் ஸ்டேஷன்ல சும்மா உட்காரட்டும், நாளைக்கு விட்டுடுறோம்'னாங்க. நான் இட்லி கட்டிக் குடுத்தேன். இட்லி கட்டிக் குடுத்து அனுப்பினேன் மேடம்!"

"கூட்டிட்டுப் போனதை யாரும் பார்க்கலையா?"

"தெருவே பார்த்துச்சு. ஆனா பார்த்தவங்க எல்லாரும் அதே ஆத்தோரத்துலதான் இருக்காங்க. வாயைத் திறந்தா முதல்ல யார் வீடு இடியும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

ஜெரூஷா தலையசைத்தாள். உத்தரவு சரியா என்று பார்க்கும் நீதிபதிகள் குழு மறுநாள் காலை கூடுகிறது. அங்கே வக்கீல் வாதாட முடியாது. ஆனால் உள்ளே இருப்பவனுக்காக ஒரு நண்பர் வந்து பேசலாம். அந்த நண்பராக ஜெரூஷா போகிறாள். போய் என்ன பேசுவது? அதுதான் இந்த மூன்று மூலையில் இருக்க வேண்டும்.

லோகநாதன் வழக்கம்போல் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றான். முடியவில்லை. ஜோனத்தான் அங்கே சிரித்துக்கொண்டிருந்தான். ஜெரூஷாவின் தம்பி, பள்ளியில் லோகநாதனுக்கு பெஞ்சு மேட், 'மச்சான்' என்று கூப்பிட்ட நண்பன். ரேஷன் கடை வாசலில் மைக் பிடித்தவனை 'விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்' என்று கூட்டிப் போனார்கள். ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். நெஞ்சு வலியாம். நெஞ்சு வலித்தவனுக்கு உள்ளங்கால் ஏன் அப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை பார்த்த ஜெரூஷா அந்த வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தாள். லோகநாதன் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அன்றிலிருந்து அவன் வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிறான். பேசாமல் இருந்தால் அந்த அறையில் வேறு சத்தம் கேட்கும்.

"லோகா, வண்டியை எடு," என்றாள் ஜெரூஷா. "இந்தத் துணி எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்."

படப்பை கடைத்தெருவில் மழை விட்டு விட்டுத் தூறியது. துணிக்கடை பிளஸ்ஸி கல்லாவில் உட்கார்ந்தபடியே படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்க வாங்கினதா இருக்காதுங்க. அந்த வாரம் நான் கறுப்பே விக்கல."

"ஏன்?"

"விக்க விட்டாத்தானே? விழாவுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல இருந்து வந்து ஒவ்வொரு கடையா சொல்லிட்டுப் போனாங்க. விழா முடியுற வரைக்கும் கறுப்புன்னு ஒரு நூல் வெளிய தெரியக் கூடாதாம். பிளவுஸ் பிட்டு, ஸ்கூல் பிள்ளைங்க ரிப்பன், எல்லாத்தையும் உள்ள போட்டோம். கார்த்திகை மாசம்! சாமிங்க வந்து மாலை போட வேட்டி கேக்குறாங்க, நான் நீல வேட்டியா எடுத்துக் காட்டிட்டு இருக்கேன்."

"ஐயப்பனுக்கே தடை உத்தரவா?" என்றான் லோகநாதன்.

"சிரிக்காதீங்கண்ணா. கறுப்பு வேட்டியோட ரோட்டுல போன குருசாமி ஒருத்தரை ஓரமா உட்கார வச்சு, ஆதார் கார்டு கேட்டாங்க."

வெளியே வந்ததும் லோகநாதனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அக்கா, இந்த ஊரே பைத்தியக்கார ஆஸ்பத்திரியா பூட்ச்சு. அன்னிக்கு நானே சவாரி ஏத்திகினு அந்த மஹாலுக்குப் போனேன். உள்ள பிரியாணி போடுறாங்கன்னாங்க. கேட்ல இருந்த போலீசு, கையில கீற குடையைப் புடுங்கிட்டான். கறுப்பாம்! 'சார், என் மூஞ்சி கூட கறுப்புதான், அதையும் கழட்டி வச்சிட்டுப் போவட்டுமா'ன்னேன். முறைச்சான். திரும்பி வரசொல்ல குடுக்கல, ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கோன்னான். ஸ்டேஷன்ல கேட்டா நாளைக்கு வாங்குறான். அது என் மாமனார் குடைக்கா! தெனம் சாயந்திரம் டிவி முன்னாடி உக்காந்துகினு, 'மாப்ள, குடை இன்னாச்சு, குடை இன்னாச்சு'ன்னு கேட்டு உசுரை எடுக்குறாரு. பேஜாரா கீதுக்கா."

ஜெரூஷா ஆட்டோவில் ஏறப் போனவள் ஒரு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிடுங்கினதையெல்லாம் எங்க வெச்சாங்க?"

"கேட்டாண்ட ஒரு மூலையில. துப்பட்டா, பை, மாஸ்க்கு, குடைன்னு மலை மாதிரி கெடந்துச்சு."

"கடையில கறுப்பு இல்ல. ரோட்டுல இல்ல. மஹாலுக்குள்ள போற ஒருத்தர் உடம்புலயும் இல்ல. அப்படின்னா அன்னிக்கு இந்த ஊர்ல கறுப்பு இருந்த ஒரே இடம் எது?"

லோகநாதனுக்கு உறைத்தது: போலீஸ் குவித்து வைத்த மலை.

அவள் படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். மேலே கூர். இரண்டு பக்கமும் நேர்க்கோடு. கீழ் விளிம்பு மட்டும் லேசாக உள்வாங்கி வளைந்திருந்தது. எதிர்க்கடை வாசலில் ஒரு பெண் குடையை விரித்தாள். லோகநாதன் அந்தக் குடையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி குடையைப் பார்த்தான்.

"அடப்பாவிங்களா," என்றான் மெதுவாக.

கனகவல்லி மஹால் வாசலில் முகூர்த்தம் இல்லாத நாளின் வெறுமை. வாழைமரம் கட்டிய கயிறு மட்டும் தூணில் தொங்கியது. ஹாரன் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வாட்ச்மேன் சவுரிமுத்து மழையில் நடந்து வந்தார். கையில் குடை. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கமும் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். சிமெண்டு மூட்டையின் சாக்கை வெட்டி, கோணி ஊசியால் தைத்திருந்தார்.

லோகநாதன் ஆட்டோவை ஆஃப் செய்யக்கூட இல்லை. பாய்ந்தான்.

"மாமா குடை!"

"யார்யா நீ? விடுய்யா! என் குடையை ஏன் இழுக்குற?"

"கைப்பிடியில பச்சை ஒயர் சுத்தினது நான் தான் பெரியவரே! கம்பி ஒண்ணுத்துல மீன் நரம்பு கட்டிக்கீது பாரு! என் மாமனார் குடை இது, எமனே வந்தாலும் இதைப் புடிச்சிகினுதான் போவேன்னு சொன்னாரு!"

சவுரிமுத்து கம்பியைப் பார்த்தார். நரம்பு இருந்தது. பிடி தளர்ந்தது. ஜெரூஷா அவரைப் போர்டிகோவுக்குள் கூட்டிப்போய், தான் யார் என்று சொன்னாள். ஆஸ்டின் பெயரைச் சொன்னாள். சவுரிமுத்து கேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லக் கூடாதும்மா. ஓனர் இந்த ரூமை குடுத்திருக்காரு, அதுலதான் பொண்டாட்டி புள்ளையோட கெடக்குறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அன்னிக்கு இங்க கொடியும் இல்ல, அடிதடியும் இல்ல. மந்திரி வந்தாரு, பேசினாரு, சாப்ட்டுப் போனாரு. எல்லாரும் கெளம்பி, நான் எலை வாரிக்கினு இருந்தேன். அப்ப ஜீப்புல வந்தாங்க. இன்ஸ்பெக்டர் தொரைராஜும் இன்னொருத்தரும். என்கிட்ட கத்தரி கேட்டாங்க."

மழை போர்டிகோ தகரத்தில் சடசடத்தது.

"கேட்டாண்ட புடுங்கி வச்ச குவியலைக் கெளறி, இந்தக் குடையை எடுத்து, ஒரு துண்டை வெட்டினாங்க. நல்ல குடையை ஏன் சார் கெடுக்குறீங்கன்னு கேட்டேன். 'உன் வேலையைப் பாரு'ன்னாரு. மீதியைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. மழைக்காலம்... மனசு கேக்கல, ஒட்டுப் போட்டு வச்சிகினேன்."

மந்திரி போன பிறகு வெட்டிய கொடியை மந்திரியிடம் எப்படிக் காட்டியிருக்க முடியும்? ஜெரூஷாவுக்கு மீதியும் புரிந்தது. ஸ்டேஷனில் உட்கார வைத்த ஆளின் கையை யாரோ உடைத்துவிட்டார்கள். உடைந்த கையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது. உடைந்ததற்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு கேஸ் வேண்டும், கேஸுக்கு ஒரு கொடி வேண்டும். கொடிக்குத் துணி தேடினால், அவர்களே ஊரைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

அவள் தன் நீலக் குடையை சவுரிமுத்துவிடம் கொடுத்து, மஞ்சள் ஒட்டுப் போட்ட குடையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடை பேசட்டும்."

ஆட்டோவில் ஏறுமுன் லோகநாதன் குடையை விரித்து, அதன் கீழ் நின்று, போனைத் தூக்கிப் பிடித்தான். ஒரு செல்ஃபி. பிறகு கட்டை விரலால் எதையோ தட்டினான். ஜெரூஷா அவனை ஒரு கணம் பார்த்தாள். தாம்பரம் வந்ததும் மார்க்கெட் அருகே குடையோடு இறங்கிக்கொண்டாள்.

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. நீ டீ குடிச்சிட்டு ஆபீசுக்கு வா."

அவன் டீ குடித்து, பஜ்ஜி தின்று, படியேறியபோது வாசலில் ஒரு ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் துரைராஜ் ஜெரூஷாவுக்கு எதிரே உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அந்தக் குடை, மஞ்சள் துண்டு மேலே தெரிய, மடக்கிக் கிடந்தது.

"வாங்க தம்பி," என்றார் துரைராஜ். "உங்க ஸ்டேட்டஸ் பார்த்தேன். எங்க டிரைவர் உங்க ஆட்டோ ஸ்டாண்டு குரூப்ல இருக்கார். 'மாமனார் குடை கிடைத்தது, ஆனால் ஒரு பீஸ் மிஸ்ஸிங்.' நல்ல தமாஷ்."

லோகநாதன் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. மேசையையும் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தான். மாமனார் கேட்டுக் கேட்டு நச்சரித்ததற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரம். அதற்காக ஒரு மனிதனின் ஒரு வருஷத்தை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிட்டான்.

"நேரா பேசுவோம் மேடம்," என்றார் துரைராஜ். "நாளைக்கு நீங்க குழு முன்னாடி வர வேண்டாம். உத்தரவு ரத்தாகும். மேல பேசிட்டேன். ஆஸ்டின் வீட்டுக்கு வந்துடுவார். குடையை நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஒரு பழைய குடைக்கு ஒரு ஆளா?"

"உங்களுக்கு ஆள்தானே வேணும்?"

"அவரோட கை?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார்."

"உங்க உத்தரவுல சாக்கடையில விழுந்தார்னு இருக்கு."

"எங்கேயோ விழுந்தார் மேடம்." துரைராஜ் சிரித்தார். "ஸ்டேஷன்ல உட்கார வெச்சா உட்கார வேண்டியதுதானே? சட்டம் பேசினார். நம்ம பசங்களும் மனுஷங்கதானே, கோபம் வராதா? கை கொஞ்சம் அதிகமாப் போச்சு. அப்புறம் ஒரு கேஸ் காட்டாம எப்படி அனுப்புறது, சொல்லுங்க? அவசரத்துல ஏதோ ஒரு துணி. அதை இவ்வளவு தூரம் கிளறணுமா?"

அவர் எழுந்தபோது சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது.

"தம்பியா? கேள்விப்பட்டிருக்கேன். நெஞ்சு வலின்னு சொன்னாங்க. பாவம், சின்ன வயசு."

லோகநாதன் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். ஜெரூஷா அவனைப் பார்த்த பார்வை 'அசையாதே' என்றது. பிறகு அவள், தன் இரண்டு கையாலும், அந்தக் குடையை எடுத்து துரைராஜிடம் நீட்டினாள்.

ஜீப் கிளம்பும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"அக்கா," என்றான் லோகநாதன். "என்னை செருப்பால அடிக்கா. எல்லாத்தையும் நான்தான் கெடுத்துட்டேன். அவன் சொல்றதை நம்பிக் குடுத்துட்டியே! ஆஸ்டினை விடமாட்டான்கா, எரிச்சுட்டு கம்முனு பூடுவான்!"

"தெரியும். அவர் எரிக்கட்டும். அந்தக் குடையோட கைப்பிடியைப் பார்த்தியா?"

"மேசை பக்கமே திரும்பலக்கா. அசிங்கமா இருந்துச்சு."

"பச்சை ஒயர் இருந்ததா?"

லோகநாதன் நிமிர்ந்தான்.

"மார்க்கெட்ல புதுசா ஒரு குடை வாங்கினேன். பக்கத்துல வீடு கட்டுற இடத்துல ஒரு சிமெண்டு சாக்கு கேட்டேன். எனக்குத் தையல் சுமார்தான், ஆனா அவர் தையலைப் பார்க்க வரலையே." அவள் மறைப்புத் தட்டியின் பக்கம் திரும்பினாள். "ஜாஸ்மின், வெளிய வாம்மா. பதிவாச்சா?"

தட்டிக்குப் பின்னாலிருந்து ஜாஸ்மின் வந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில் மாமனார் குடை, பச்சை ஒயர் சுற்றிய கைப்பிடியோடு. முகம் முழுக்க நனைந்திருந்தது. இப்போது மழையால் இல்லை.

"எல்லாம் விழுந்திருக்கு மேடம். 'கை அதிகமாப் போச்சு'ன்னு சொன்னது கூட."

"நான் ஸ்டேட்டஸ் போட்டது உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"நீ போனைத் தூக்கினப்பவே தெரியும். நீ போடாம இருந்திருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். யோசிச்சுப் பாரு லோகா. ஒட்டுப் போட்ட குடையைக் கொண்டுபோய், இது என் அசிஸ்டெண்டோட மாமனார் குடைன்னு சொன்னா யார் நம்புவாங்க? ஒரு இன்ஸ்பெக்டர் மழையில நனைஞ்சு வந்து, இந்த ஓட்டைக் குடைக்கு பதிலா ஒரு மனுஷனைத் தர்றேன்னு சொன்னா, அப்ப நம்புவாங்க."

லோகநாதன் சிரிக்கப் பார்த்தான். ஜெரூஷா சிரிக்கவில்லை. ஜெயித்தவளைப் போலவே அவள் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஜோனத்தானின் படத்துக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்தாள்.

"இவ்வளவும் பண்ணி என்ன கிடைக்கும்? ஆஸ்டின் வருவார். கை பழையபடி மடங்காது. இவரை வேற ஊருக்கு மாத்துவாங்க. அந்த ஊர்லயும் ஒரு மந்திரி வருவார், ஒரு குவியல் கிடக்கும்." கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடத் தொடங்கியது. "நானும் அன்னிக்குத் தேடினேன், லோகா. தெருத்தெருவா தேடினேன். என் தம்பிக்கு ஒரு குடை கூடக் கிடைக்கல."

லோகநாதன் டம்ளரில் நடுங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

மறுநாள் காலை நீதிபதிகள் கூடும் கட்டடத்து வாசலில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆட்டோவிலிருந்து இறங்கிய மூன்று பேரும் கேட்டிலிருந்து படி வரை நனைந்துகொண்டே நடந்தார்கள். லோகநாதனின் மார்போடு ஒரு நீளமான பொட்டலம், பாலிதீன் சுற்றி, நூல் கட்டி.

"அண்ணா, கையில குடையை வச்சிட்டு நனையுறீங்களே, விரிங்க," என்றாள் ஜாஸ்மின்.

"உள்ள விரிச்சுக்கலாம்மா. இது ஜட்ஜுங்களுக்குத்தான்."

தாழ்வாரத்தில், சொட்டு நனையாமல், துரைராஜ் நின்றிருந்தார். உத்தரவு ரத்தாகவில்லை, ரத்து செய்யும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்கவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியும் ஜெரூஷா வருவதை எரிச்சலோடு பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். பாலிதீனுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வெளியே நீட்டியிருந்த வளைந்த கைப்பிடியில் பச்சை ஒயர்.

நேற்று ராத்திரி தான் எரித்த குடையை அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ சார்," என்றான் லோகநாதன். "எங்க மாமனார் சாட்சி சொல்லப் போறாரு."